பென் ட்ரேக்கு வருகிறவர்கள் கவனத்துக்கு

நவம்பர் 8, சனி

விமானம் தாழ இறங்கும்போது சன்னலுக்குக் கீழே ஆறு ஆறாகத் தெரிந்தது. எது வயல், எது தண்ணீர் என்று பிரிக்க முடியவில்லை. பக்கத்து சீட்டுப் பெண் தட்டி எழுப்பியிருக்காவிட்டால் தூக்கத்திலேயே சைகோனில் இறங்கியிருப்பேன். விழித்த பிறகும் பாதித் தூக்கமாகத்தான் இருந்தது.

நவநீதன் வாசலில் நின்றிருந்தான். என் மகன் வியட்நாம் வந்து நாலு வருஷம் ஆகிறது. கோயம்புத்தூர் கம்பெனியின் நூற்பாலை இயந்திரங்களை இங்கே பொருத்தி ஓட்டிக் கொடுக்கிற வேலை. கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணைப் பார்த்ததும் அப்படி ஓர் ஆலையின் ஆபீசில்தான்.

"அப்பா வழியனுப்ப வந்தாருங்ளா?"

"தோப்புக்கு ஆளு வந்துருந்தாங்க கண்ணு. எதுத்த வூட்டுக் கார்ல கொச்சி வரைக்கும் வந்துட்டேன்."

அவன் மேற்கொண்டு கேட்காமல் பெட்டியை வாங்கிக்கொண்டான்.

கல்யாணம் முப்பதாம் தேதி. பொள்ளாச்சியிலிருந்து சொந்தத்தில் பதினாலு பேர் வருகிறார்கள். அவரும் கடைசி வாரம் வந்துவிடுவார். யாராவது ஒருத்தர் முன்னால் போய்ப் பார்த்து வைத்தால் எல்லோருக்கும் சுலபம் என்றுதான் நான் முந்தி வந்தது. பார்ப்பதை இந்த நோட்டில் எழுதி, 'வருகிறவர்களுக்கு' என்கிற பகுதியை மட்டும் 'நவநீ கல்யாணம்' வாட்ஸப் குரூப்பில் போடப் போகிறேன்.

வருகிறவர்களுக்கு: விசாவை வீட்டிலிருந்தே ஆன்லைனில் எடுத்து, காகிதத்தில் அச்சுப் போட்டுக் கையில் வைத்திருங்கள். பாஸ்போர்ட்டில் பெயர் எப்படியோ அப்படியே விசாவிலும் இருக்க வேண்டும். இங்கே மணி நமக்கு ஒன்றரை மணி நேரம் முந்தி. இறங்கியதும் கடிகாரத்தை மாற்றிவிடுங்கள்.

நான் இன்னும் மாற்றவில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

சைகோனில் ரோட்டைத் தாண்டுவது ஒரு கலை. மோட்டார் சைக்கிள்கள் ஆற்று மீன் மாதிரி வருகின்றன. நிற்பதில்லை, முடிவதுமில்லை. "ஓடாதீங்கம்மா, நடுவுல நிக்கவும் நிக்காதீங்க. ஒரே சீரா நடங்க, அவங்களே வெலகிப் போயிருவாங்க" என்றான் நவநீதன். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நடந்தேன். இரண்டு பக்கமும் காற்று உரசிக்கொண்டு போனது. ஒருவர்கூடத் திட்டவில்லை. அக்கரை போய்ச் சேர்ந்ததும் திரும்ப ஒரு தடவை தாண்டிப் பார்க்கலாமா என்றிருந்தது.

வருகிறவர்களுக்கு: கழிவறையில் தண்ணீர் பைப் இருக்கிறது. பெண்கள் நிம்மதியாக வரலாம்.

நவம்பர் 11, செவ்வாய்

பெண்ணின் ஊர் பென் ட்ரே. சைகோனிலிருந்து காரில் இரண்டு மணி நேரம். ஒரு பெரிய பாலம் ஏறி இறங்கியதும் தென்னை ஆரம்பித்தது. பிறகு தென்னையைத் தவிர வேறொன்றுமில்லை. நான் வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே வந்தேன். நம் ஊர் மாதிரியும் இருக்கிறது, நம் ஊரைத் தண்ணீரில் மிதக்க விட்ட மாதிரியும் இருக்கிறது. மரங்களுக்கு இடையில் வாய்க்கால், வாய்க்காலில் பறித்த இளநீர்கள் பச்சைப் பச்சையாக, பிடிப்பார் இல்லாமல் தாமாகவே மிதந்து போய்க்கொண்டிருந்தன. எங்கே போக வேண்டும் என்று அவற்றுக்குத் தெரியும் போல.

வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் நான் தங்குகிற விடுதி, நாலு அறை, முன்னால் கொட்டகை. அந்தப் பக்கம் பெண் வீடு. நடுவில் ஒரு சின்னப் படகு.

பெண்ணின் பெயர் தூய். தண்ணீர் என்று அர்த்தமாம். என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, "சாப்டீங்ளா அத்தை?" என்றாள். நவநீதன் சொல்லிக்கொடுத்தது. பாட்டுப் பாடுகிற மாதிரி இழுத்தாள். வெளுத்த சின்ன முகம், சிரிக்கும்போது கண் காணாமல் போகிறது.

இந்தப் பக்கத்து ஜனங்களுக்கு வீட்டில் பிறந்த வரிசைதான் கூப்பிடுகிற பெயர். மூத்தவருக்கு ஒன்று என்று வைப்பதில்லை, இரண்டிலிருந்து தொடங்குகிறார்கள். தூயின் அம்மா ஆறு, அப்பா நாலு. அவர்கள் பாஷையில் ஆறு என்பது 'சாவ்', நாலு என்பது 'தூ'. வருகிறவர்கள் சிரித்துத் தொலைக்க வேண்டாம். நானே மனதைத் திடப்படுத்திக்கொண்டுதான் "சாவ்" என்று கூப்பிட்டேன். அந்த அம்மா ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டது. என்னை "சுய்" என்கிறது. சம்பந்தி என்று அர்த்தமாம். அதற்கென்று தனியாக ஒரு சொல் இவர்களிடமும் இருக்கிறது!

நவம்பர் 12, புதன்

கொட்டகையில் கயிற்றுத் தொட்டில் கட்டியிருக்கிறார்கள். மத்தியானம் படுத்தேன். எழுந்தபோது வாய்க்கால் எதிர்த் திசையில் ஓடிக்கொண்டிருந்தது.

நவம்பர் 14, வெள்ளி

தம்பி துரைசாமி பேசினான். பாஸ்போர்ட் புதுப்பிக்க நாளாகுமாம், அவனும் சம்சாரமும் வர முடியாதாம். பாவம், ஆசையாக இருந்தான். புதுப் பாஸ்போர்ட் வாங்கிவிட்டேன் என்று ஐப்பசி முதலில் அவன்தான் எல்லோருக்கும் காட்டினான். அது எப்படியோ.

வருகிறவர்களுக்கு: சாயங்காலம் ஆனால் கொசு. முழுக்கைச் சட்டை கொண்டுவாருங்கள், கொசுவலை விடுதியில் கொடுக்கிறார்கள். மீனைப் புளிக்கவைத்து இறக்கிய சாறு எல்லாவற்றிலும் ஊற்றுவார்கள். வாசனை ஒத்துக்கொள்ளாதவர்கள் 'சாய்' என்று சொன்னால் சைவமாகக் கொடுப்பார்கள். கிண்ணத்துச் சோற்றில் குச்சியை நட்டுக்குத்தலாகக் குத்தி வைக்கக் கூடாது, அது இறந்தவர்களுக்குப் படைப்பது. பருப்புப் பொடி, ஊறுகாய் கட்டாயம்.

நவம்பர் 16, ஞாயிறு

குரூப்பைத் திறந்தால் வரிசையாக 'வெளியேறினார்', 'வெளியேறினார்' என்றிருக்கிறது. பெரிய மாமாவின் மகன்கள் இரண்டு பேர், அவர்கள் வீட்டார், வடுகபாளையத்து அண்ணி. போன் மாற்றியிருப்பார்கள். அண்ணிக்கு முழங்கால் வலி என்று முன்னாலேயே சொன்னாள். மழைக்காலத்தில் வலி கூடத்தான் செய்யும்.

தூய் என் தலைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டாள். அவர்கள் வீட்டிலேயே காய்ச்சியது. தேய்க்கத் தேய்க்க எனக்குக் கண் செருகியது. எந்த ஊரில் இருக்கிறேன் என்று கொஞ்ச நேரம் தெரியவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

இன்று தோப்பைப் படம் எடுத்துக் குரூப்பில் போட்டேன். மண்ணை அள்ளி மேடாகக் கொட்டி, மேட்டில் மரம், இரண்டு பக்கமும் தண்ணீர். பத்து நிமிஷத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது. நான் வந்த பிறகு அவர் எழுதியது இதுதான் முதல்.

'வேர் அழுகாதா?'

நான் அக்கரைக்குப் போய், படகைக் கட்டக்கூட மறந்து ஓடினேன். தூ ஐயா (மனதுக்குள் நாலு ஐயா என்றுதான் கூப்பிடுகிறேன்) மண்ணில் கோடு போட்டுக் காட்டிச் சொன்னார், தூய் நவநீதனுக்குப் போனில் சொன்னாள், அவன் எனக்குச் சொன்னான். கடல் ஏற்றத்தில் தண்ணீர் உள்ளே வருகிறது, இறக்கத்தில் போய்விடுகிறது. தேங்கினால்தான் வேர் அழுகும். எல்லாவற்றையும் விவரமாக எழுதிப் போட்டேன். நீலக் குறி விழுந்தது. படித்துவிட்டார்.

வேறொன்றும் எழுதவில்லை. வேலையாக இருப்பார்.

நவம்பர் 20, வியாழன், அமாவாசை

இங்கும் அமாவாசைக்குச் சைவம்தான். சம்பந்தி காளானும் வாழைப்பூவும் சமைத்திருந்தது. பொழுது சாயும் நேரம் வாய்க்கால் மெதுவாகப் பொங்கி வாசலுக்கு வந்தது. நான் பதறி எழுந்தேன். யாரும் அசையவில்லை. தண்ணீர் சத்தமே இல்லாமல் படியேறி, வீட்டுக்குள் வந்து, மேசைக்கால்களைச் சுற்றிக்கொண்டு நின்றது. சம்பந்தி அரிசி மூட்டையை மட்டும் தூக்கி பெஞ்சில் வைத்துவிட்டு, சோறு போட்டது. கணுக்கால் தண்ணீரில் கால்களை வைத்துக்கொண்டு எல்லோரும் சாப்பிட்டோம். சின்னச் சின்ன மீன்கள் விரலைக் கொத்திவிட்டுப் போயின. விளக்கொளி தரையில் ஆடியது. சம்பந்தி அவர்கள் பாஷையில் ஏதோ சொல்ல, நான் நம் பாஷையில் ஏதோ சொல்ல, இரண்டு பேரும் சிரித்தோம். என்ன பேசினோம் என்று இப்போதும் தெரியாது.

சாப்பிட்டு முடிக்கும்போது தண்ணீரும் கிளம்பிவிட்டது. தரையில் ஓர் இலை மட்டும் கிடந்தது.

வருகிறவர்களுக்கு: அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இப்படித் தண்ணீர் ஏறும். பெட்டியைத் தரையில் வைக்காதீர்கள். பயப்பட ஒன்றுமில்லை.

நவம்பர் 22, சனி

நங்கைக்கு நானே போன் செய்தேன். நங்கை என்றால் அவருடைய அக்கா, பூவாத்தாள். எடுத்ததும் "எதுக்கு கூப்புட்ட?" என்றாள்.

"ஆராரு வர்றாங்கன்னு தெரிஞ்சா ரூம் சொல்லீரலாம்னுங்க."

"ஒருத்தரும் வர்ல. நாந்தான் வூடு வூடாப் போயி சொல்லீட்டு வந்தேன். எம் மகள உம் மகனுக்குன்னு எந்தம்பி சபையில வாக்குக் குடுத்தான். அத நீயும் உம் மகனும் சேந்து காத்துல வுட்டுட்டீங்க. இப்ப ஊருக்கே பத்திரிகை வெக்கிறயா?"

வைத்துவிட்டாள்.

பரவாயில்லை, எழுதிவிடுகிறேன். நான் கிளம்பின அன்றைக்குத் தோப்பில் ஆள் ஒன்றும் வரவில்லை. அவர் கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார். "போறதுன்னா அங்கயே இருந்துக்க, இந்தப் பக்கம் திரும்பி வராத" என்றார். நான் பெட்டியை எடுத்துக்கொண்டு நடந்தேன். வாசல் தாண்டும்போது பின்னால் கூப்பிடுவார் என்று நினைத்தேன். கார் திரும்புகிற வரைக்கும் நினைத்தேன்.

குரூப்பில் இப்போது நான், நவநீதன், அவர். அவர் மட்டும் வெளியேறவில்லை. வெளியேறத் தெரியாதோ என்னவோ.

நவம்பர் 23, ஞாயிறு

வருகிறவர்களுக்கு: இங்கே காபி நம் ஃபில்டர் காபி மாதிரியே சொட்டுச் சொட்டாக இறங்குகிறது. கட்டிப்பாலில் கலந்து கொடுப்பார்கள். உங்களுக்குச் சர்க்கரை ஆகாது என்பதால் பால் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காலை மாத்திரையை விமானத்தில் விட்டுவிடாதீர்கள்.

குரூப்பில் போட்ட பிறகுதான் பார்த்தேன், சர்க்கரை வியாதி பதினாலு பேரில் ஒருத்தருக்கும் கிடையாது. அவருக்குத்தான்.

நவம்பர் 25, செவ்வாய்

தூய் தயங்கித் தயங்கி ஒரு விஷயம் சொன்னாள், நவநீதனை உட்கார வைத்துக்கொண்டு. கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் ஆறு தாம்பாளம் எடுத்து வரிசையாக வர வேண்டும். வெற்றிலை பாக்கு, பழம், பலகாரம், எல்லாம் சிவப்புத் துணி போட்டு மூடி. முன்னால் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் வந்து, வாசலில் நின்று, பெண் கேட்க வேண்டும். அது இல்லாமல் பெண்ணை வெளியே அனுப்ப மாட்டார்கள்.

"நம்ம பக்கம் எத்தன பேருன்னு அவங்க அப்பா கேட்டாருங்கம்மா" என்றான் நவநீதன். தலை குனிந்தே இருந்தது.

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் சொல்லல."

வெற்றிலை பாக்கு வைத்துப் பெண் கேட்கிற ஊரில், என் மகனுக்குத் தட்டு எடுக்க ஆளில்லை. சம்பந்தி என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தது. நான் எழுந்து படகில் ஏறி இக்கரை வந்துவிட்டேன்.

நவம்பர் 26, புதன்

மழை. எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 27, வியாழன்

காலையில் சம்பந்தி தனியாகப் படகு தள்ளிக்கொண்டு வந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்து வாய்க்காலைக் காட்டியது. அந்தக் கரையைக் காட்டி "தூய்" என்றது. இந்தக் கரையைக் காட்டி "நவநீ" என்றது. பிறகு இந்தக் கரையில் இருக்கிற வீடுகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, என் மார்பைத் தொட்டது. எனக்குப் புரியவில்லை. மறுபடியும் முதலிலிருந்து செய்தது.

சாயங்காலம் கொட்டகைக்கு ஆட்கள் வந்தார்கள். விடுதிக்காரரும் மனைவியும், அடுத்த வீட்டுத் தையல்காரி, பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், சம்பந்தியின் சொந்தத் தம்பி. இக்கரையில் குடியிருப்பவர்கள் எல்லோரும் மாப்பிள்ளை வீட்டாராம். சம்பந்திதான் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்திருக்கிறது. கூடப் பிறந்த தம்பியையே அக்காளை விட்டு என் பக்கம் வந்து நிற்கச் சொல்லியிருக்கிறது. அந்தத் தம்பி எழுந்து எனக்கு வணக்கம் வைத்து, "இனிமே இவர் உங்க அண்ணன்னு சொல்றாரும்மா" என்று நவநீதன் சொன்னபோது, நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

"பொண்ணு கேக்கற பெரியவரு?" என்றேன்.

எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

நவம்பர் 30, ஞாயிறு

மழை விட்டு, இலையெல்லாம் கழுவி வைத்த மாதிரி இருந்தது காலை. அரக்குக் கரைப் பட்டு கட்டிக்கொண்டேன். படகு சின்னது என்பதால் இரண்டு இரண்டு பேராக வாய்க்காலைத் தாண்டினோம். சிவப்புத் துணி போட்ட தாம்பாளங்கள் தண்ணீரில் தலைகீழாகத் தெரிந்தன. படகோட்டியும் மாப்பிள்ளை வீடுதான். மேலே தென்னை, கீழே தென்னை, நடுவில் நாங்கள். இதெல்லாம் எனக்கு நடக்கிற மாதிரியே இல்லை. கையில் இருந்த தேநீர்த் தட்டின் கனம் மட்டும்தான் நிஜம். அவர்கள் முறைப்படி அதில் அரிசிச் சாராயம் இருக்க வேண்டும். எனக்காகத் தேநீராக மாற்றிவிட்டார்கள்.

வாசலில் நாலு ஐயா நீலச் சட்டையில் நின்றார். நான் பேச வேண்டியதைத் தூய் மூன்று நாளாகச் சொல்லிக்கொடுத்திருந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. பின்னால் தட்டு ஏந்தியவர்கள் எல்லாரும் நிற்கிறார்கள். அப்படியே தமிழில் சொன்னேன்.

"அய்யா, நான் பொள்ளாச்சிலருந்து வர்றனுங்க. எங்கூட்டுப் பெரியவரு வர முடியலீங்க. எம் பையன் நல்லவனுங்க, கோபம் வந்தாச் சாப்புடாம இருப்பான், அவ்வளவுதான். உங்க புள்ளைய எங்கூட்டுப் புள்ளையாப் பாத்துக்குவனுங்க. பொண்ணக் குடுங்க."

நவநீதன் மொழிபெயர்க்க வாயெடுத்தான். நாலு ஐயா கையைக் காட்டித் தடுத்தார். என் தட்டிலிருந்து தேநீரை எடுத்து முழுக்கக் குடித்தார். பிறகு வாசலை விட்டு விலகி நின்றார்.

இங்கே மாமியார்தான் மருமகளுக்குத் தோடு போட வேண்டும். எனக்கு ஓட்டை கிடைக்கவில்லை. தூய் தானே காதைச் சாய்த்துக் கொடுத்தாள். அப்புறம் நவநீதன் தாலி கட்டினான். மூன்றாவது முடிச்சைப் புது அண்ணனின் மனைவி போட்டாள், நாத்தனார் இடத்தில் நின்று. தட்டெடுத்த எல்லோருக்கும் சந்தனம் பூசினேன்.

விடுதிக்காரர் முழுவதையும் போனில் குரூப்புக்கு நேரலையாகக் காட்டிக்கொண்டிருந்தார். நவநீதன் சந்தனக் கையோடு வந்து என்னிடம் திரையைக் காட்டினான். பொள்ளாச்சியிலிருந்து ஒருத்தர் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வரைக்கும்.

டிசம்பர் 1, திங்கள்

மத்தியானம் போன் அடித்தது. அவர்.

"வசந்தா."

"சொல்லுங்க."

"தட்டு எடுத்துட்டு வந்தாங்களே, அவங்கெல்லாம் ஆரு?"

"நம்ம சொந்தக்காரங்கதானுங்க."

ஓவென்று காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது.

"எங்கீங்க நிக்கறீங்க?"

"தோப்புலதான்."

"மட்டைச் சத்தத்தையே காணமுங்களே?"

"மரம் இருந்தாத்தான சத்தம் வரும்."

நான் கயிற்றுத் தொட்டிலிலிருந்து காலை ஊன்றி எழுந்தேன். கிணற்று மேட்டுப் பக்கம் முழுவதும் வெட்டியாகிவிட்டதாம். வேர்வாடல் நோய். விவசாய ஆபீசர் ஆனி மாசமே வந்து வெட்ட வேண்டிய மரங்களுக்குக் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார். கல்யாணமாகி வந்த புதிதில் நான் குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றிய கன்றுகள் அவை. முழங்கால் வலியில் நான் கிணற்று மேடு ஏறுவதை விட்டு ஒரு வருஷம் ஆகிறது. அவரும் சொல்லவில்லை.

"நீ இருக்கறப்ப வெட்டறதுக்கு மனசு வர்ல. நீ போறன்னு நின்ன. செரி, போகட்டும்னு பாத்தேன்."

"அதுக்கு அங்கயே இருந்துக்கன்னு சொல்லோணுமுங்களா?"

நான் போனைக் காதிலேயே வைத்திருந்தேன்.

"அது வாயில வந்துருச்சு" என்றார்.

முழுக்க நம்புவதா என்று தெரியவில்லை. அக்காவுக்குக் கொடுத்த வாக்கும் அந்தக் கோபத்தில் இருந்தது, அது எனக்குத் தெரியும். பாதி நம்பினேன். மீதியை வைத்துக்கொண்டேன்.

"வூட்டுல உக்கார முடியல வசந்தா. வெட்டவெளியாக் கெடக்குது. நான் அங்க வந்தாச் செரியா இருக்குமா?"

"கல்யாணம் முடிஞ்சு போச்சுங்க."

"தெரியும். பாத்தேன்."

விசாவை நவநீதன் எங்கள் இரண்டு பேருக்கும் முன்பே எடுத்து வைத்திருந்தான். என்னுடைய திரும்புகிற டிக்கெட்டைத் தள்ளிப்போடச் சொன்னேன்.

டிசம்பர் 6, சனி

நவநீதனும் நானும் சைகோன் போய் அழைத்து வந்தோம். அப்பாவும் மகனும் காரில் இயந்திரத்தைப் பற்றியும் மழையைப் பற்றியும் பேசினார்கள். பென் ட்ரே பாலம் இறங்கித் தென்னை தொடங்கியதும் அவர் பேச்சை நிறுத்திவிட்டார். கண்ணாடியைக் கீழே இறக்கி, வழி முழுக்க முகத்தை வெளியே வைத்துக்கொண்டு வந்தார். மட்டைகள் உரசுகிற சத்தம் காருக்குள் நிறைந்திருந்தது. எனக்குத் தூக்கம் வந்தது. தூங்கவில்லை.

அக்கரையில் நாலு ஐயா அவரைத் தோப்புக்குள் கூட்டிப்போனார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. வெகுநேரம் கழித்து வந்தார்கள், முழங்கால் வரை சேறோடு. வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். நானும் சம்பந்தியும் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தோம்.

தூய் ஓர் இளநீரைச் சீவி, புது மருமகள் முறையில் தலை குனிந்து, அவர் முன்னால் கொண்டுபோய் நீட்டினாள். "குடிங்க மாமா" என்றாள், இழுத்து.

எங்கள் வீட்டில் அவர் உட்கார்ந்த இடத்துக்கு எல்லாம் வரும். கையை மட்டும் நீட்டுவார். முப்பத்து மூன்று வருஷமாக நான் அப்படித்தான் கொடுத்திருக்கிறேன்.

அவர் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். நேராக நின்று, தோளில் இருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாங்கிக்கொண்டார்.

நான் அரிசியைக் களைந்துகொண்டே இருந்தேன். பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.